சிறுபோகத் தண்ணீர் முறைக்குக் கைபேசியில் ஓர் அட்டவணை

வணக்கம் நேயர்களே. கொப்பியும் பேனையும் பக்கத்தில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு சூத்திரம் வரும். அதை எழுதி வைத்தால்தான் பிறகு உதவும்.

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரை என்று எந்தக் குளத்தின் கீழ் வயல் செய்தாலும், மாரி மழையோடு செய்யும் காலபோகத்தில் பாதிப் பிணக்கை மழையே தீர்த்துவிடும். கோடையில் செய்யும் சிறுபோகத்தில் அந்தத் துணை கிடையாது. குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து, இத்தனை ஏக்கர்தான் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகும். பிறகு துருசு, அதாவது குளத்தின் மதகு, திறந்து, இந்தக் கிளை வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று தண்ணீர் வரும். அந்த நாட்களை வயல் வயலாகப் பிரிப்பது வாய்க்கால்காரர் பாடு. கடதாசியில் எழுதினால், ஒருவருக்கு அரை ஏக்கர் கூடினாலே அவருக்குக் கீழே உள்ள நேரம் எல்லாவற்றையும் வெட்டித் திருத்தவேண்டும். நாலாவது திருத்தத்தில் எது புதிய நேரம், எது பழைய நேரம் என்று எழுதினவருக்கே தெரியாது.

இதற்கு ஏற்ற கருவி விரிதாள், அதாவது கட்டங்களில் எண்ணையும் நேரத்தையும் போட்டால் கணக்கைத் தானே செய்யும் செயலி. கைபேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. தரம் 10இல் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுக்கிற பிள்ளைக்கு இது பாடமும்கூட. புத்தகத்தில் வரும் கற்பனை வகுப்பின் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி பார்ப்பதைவிட, வீட்டு வாய்க்காலுக்கு முறை போட்டுப் பார்க்கிற பிள்ளை அதே பாடத்தை இருமடங்கு கவனமாகச் செய்யும். பிழை விட்டால் அயல் முழுக்கக் கேள்வி கேட்கும் அல்லவா?

ஒரு கணக்கு எடுப்போம். கிளை வாய்க்காலில் மொத்தம் 34 ஏக்கர். தண்ணீர் திங்கள் காலை 6 மணி தொடக்கம் வியாழன் காலை 6 மணி வரை, 72 மணித்தியாலம். காய்ந்து கிடந்த வாய்க்கால் நனைந்து நிரம்ப 4 மணித்தியாலம் ஒதுக்குவோம். இதை ஒதுக்காமல் விட்டால் அந்த நட்டம் முழுவதும் முதலாவது ஆளின் தலையில் விழும். மிச்சம் 68. அதை 34ஆல் பிரித்தால் ஏக்கருக்கு 2 மணித்தியாலம்.

விரிதாளில் மேலிருந்து கீழே போவது நிரல், இடமிருந்து வலம் போவது நிரை, ஒவ்வொரு கட்டமும் ஒரு கலம். ஏ நிரலில் பெயர், பி நிரலில் ஏக்கர், சி நிரலில் தொடங்கும் நேரம், டி நிரலில் முடியும் நேரம். முதல் நிரை தலைப்பு. ஏக்கருக்கு இத்தனை மணித்தியாலம் என்ற எண்ணை எஃப் 1 என்ற கலத்தில் தனியாக வையுங்கள். அதையும் கையால் எழுதாமல், 68ஐ பி நிரலின் கூட்டுத்தொகையால் பிரிக்கச் சொல்லுங்கள். சி 2இல் திங்களின் திகதியும் காலை 10 மணியும். இனிச் சூத்திரம், ஆறுதலாகச் சொல்கிறேன். டி 2 சமன் சி 2 கூட்டல் பி 2 பெருக்கல் எஃப் 1 வகுத்தல் 24. அடுத்த ஆளின் தொடக்கம், அதாவது சி 3, சமன் டி 2. இந்த இரண்டையும் கீழே இழுத்து விட்டால் எல்லாருக்கும் நேரம் விழுந்துவிடும். கடைசி நிரையில் வியாழன் காலை 6 மணி வரவேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு சூத்திரம் பிழை. எஃப் 1இல் 2 வராவிட்டால் எங்கோ ஓர் ஏக்கர் பிழை.

ஏன் 24ஆல் வகுக்கிறோம்? விரிதாளுக்கு ஒரு முழு நாள்தான் 1. ஒரு மணித்தியாலம் 24இல் ஒரு பங்கு. அதை மறந்தால் 2 ஏக்கர்காரருக்கு 4 மணித்தியாலம் அல்ல, 4 நாள் கிடைக்கும். இன்னொரு வழமையான பிழை, எஃப் 1ஐ டொலர் குறி போட்டுப் பூட்டாமல் விடுவது. கீழே இழுக்கும்போது அது எஃப் 2, எஃப் 3 என்று வெறும் கலங்களுக்கு நகர்ந்துவிடும். அப்போது தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் ஒன்றாகவே நிற்கும். எஃப் எழுத்துக்கு முன்னும் 1க்கு முன்னும் ஒவ்வொரு டொலர் குறி. திகதியிலும் கவனம் வேண்டும். கோப்பின் நாடு அமெரிக்கா என்று இருந்தால் 6/7 என்பதை யூன் 7 என்று எடுத்துக்கொள்ளும். கோப்பின் அமைப்பில் (செட்டிங்ஸ்) ஐக்கிய இராச்சியம் என்று மாற்றிவிடுங்கள்.

இனி நடுச்சாமச் சிக்கல். இதைக் கணினி தெரிந்தவர்கள்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். நாலாவது ஆளின் முறை, திங்கள் இரவு 12 மணிக்குத் தொடங்குகிறது என்று வையுங்கள். விரிதாளுக்கு அது செவ்வாய். பட்டியலில் 'செவ்வாய் 12.00' என்று கண்டவர் செவ்வாய் இரவு மண்வெட்டியோடு வருவார். அவரது தண்ணீர் முதல்நாளே போய்விட்டிருக்கும். நமக்கு விடியும் மட்டும் அது திங்கள் இரவுதான். ஆகவே கிழமைக்கு ஒரு தனி நிரல் போட்டு, தொடக்க நேரத்திலிருந்து 5 மணித்தியாலத்தை, அதாவது 5 வகுத்தல் 24ஐ, கழித்துவிட்டுக் கிழமையைக் கேளுங்கள். விடிய 5 மணி வரை முதல்நாள் இரவு என்றே காட்டும்.

இரவு முறையைப் பற்றி இன்னொன்று. 72 மணித்தியாலம் என்பது சரியாக மூன்று நாள். ஒவ்வொரு தடவையும் காலை 6க்கே தொடங்கினால் இரவு முறை எப்போதும் அதே ஆட்களுக்குத்தான் விழும். பாம்பும் யானையும் உலாவுகிற இடங்களில் இது சின்ன விசயம் அல்ல. துருசு நேரம் இடம் கொடுத்தால் அடுத்த தடவை மாலை 6க்குத் தொடங்குங்கள். சி 2 என்ற ஒரு கலத்தை இரவு 10 மணி என்று மாற்றினால் போதும், பகலும் இரவும் ஆள் மாறும். நேரத்தை மாற்ற முடியாவிட்டால் பெயர் வரிசையைத் தலைகீழாக்கலாம். ஆனால் நடுவில் இருப்பவர்களுக்கு அதனால் பெரிய மாற்றம் வராது.

பட்டியலை ஊருக்குக் கொடுப்பதும் ஒரு கலைதான். திருத்தக்கூடிய இணைப்பைக் குழுவில் போடாதீர்கள். யாருடைய விரலாவது பட்டு ஒரு சூத்திரம் அழிந்தால் கீழே எல்லாம் குழம்பும். திருத்தும் உரிமை இரண்டு பேருக்கு, மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் படம். படத்தின் தலையில் 'திருத்தம் 3, ஞாயிறு மாலை' என்று பெரிதாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பழைய படமும் புதிய படமும் கைக்குக் கை சுற்றும். அறிவிப்புப் பலகைக்கு அச்சடிக்கக் கொமினிகேசன் கடைக்குப் போகும்போது பிடிஎஃப் ஆகக் கொண்டுபோங்கள். அங்கே பாமினி என்ற பழைய எழுத்துருவில் திரும்பத் தட்டச்சு செய்து தந்தால் தாளில் வடிவாகத்தான் இருக்கும். அதே பெயர்களைக் கைபேசிக்குக் கொண்டுவந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கும், தேடவும் முடியாது. தமிழ் முழுவதும், கைபேசியும் கணினியும் ஒரேமாதிரி வாசிக்கிற யூனிகோட் முறையில் இருக்கட்டும்.

ஸ்மார்ட் போன் இல்லாதவருக்குக் குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ் கலந்தால் 70தான். அதிலும் 'முறை' என்ற சொல் கண்ணுக்கு இரண்டு எழுத்து, போனுக்கு நாலு: ம, உகரக் குறி, ற, ஐகாரக் குறி. 'திங்கள் இரவு 8.00-12.00 உங்கள் முறை' என்று அனுப்பினால் இடைவெளியோடு 35 இடம். வணக்கமும் கமக்காரர் அமைப்பின் முழுப்பெயரும் சேர்த்தால் இரண்டு செய்திக் காசு.

கோப்பு யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். அமைப்பின் செயலாளருடைய சொந்த ஜிமெயிலில் இருந்தால், அவர் போன் மாற்றும்போது அல்லது வெளிநாடு போகும்போது அட்டவணையும் கூடப் போகும். கமக்காரர் அமைப்புக்கென்று ஒரு கணக்குத் திறந்து, கடவுச்சொல்லை எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கூட்டக்குறிப்போடு வையுங்கள். இரண்டு வருடம் தொடாத கணக்கைக் கூகுள் அழிக்கக்கூடும். போகத்துக்கு ஒருமுறை திறந்தால் அந்தப் பயம் இல்லை.

இவ்வளவும் செய்தாலும் விரிதாள் பிரிப்பது நேரத்தை மட்டும்தான், தண்ணீரை அல்ல. வாய்க்கால் கரையில் நண்டு வளை இருந்தால் கடைக்கோடி வயலுக்கு அதே 2 மணித்தியாலத்தில் குறைந்த தண்ணீர்தான் போகும். அதனால் பட்டியலின் வலப்பக்கம் இரண்டு வெறும் நிரல் விடுங்கள். ஒன்றில் உண்மையில் மடை திறந்த நேரம், மற்றதில் வயல் நிறைந்த நேரம். மூன்று தடவை நிரப்பினால், எந்த வயலுக்கு ஏக்கருக்கு 2 போதும், எந்த வயலுக்கு இரண்டரை வேண்டும் என்று எண்ணே சொல்லும். பிறகு கடைக்கோடிக்கு நேரம் கூட்டுவதா, கரையை அடைப்பதா என்று கூட்டத்தில் பேசலாம். அந்த நேரங்களைக் குறிக்கக் கைபேசியைச் சேற்றுக்குள் கொண்டுபோகவேண்டியதில்லை. மடையடியில் பொலித்தீன் பையில் ஒரு கொப்பியும் பென்சிலும் தொங்கினால் போதும்.