எவர்சில்வர் ஊரின் இசைத்தட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

நம் ஊர் அடுப்படிகளில் பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றாவது இருக்கும். அந்த எவர்சில்வருக்கு ஒரு பிறந்த ஊர் சொல்ல வேண்டுமானால், இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சொல்லலாம். 1913-இல் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருக்கி எடுத்தது அங்கேதான். அதே ஊரில் 1989-இல் தொடங்கிய 'வார்ப்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் பல வருஷம் கேசட் பதிந்தவன் நான். துண்டுச்சீட்டில் பாட்டு எழுதிக்கொண்டு வந்து, "அறுபதா, தொண்ணூறாண்ணே?" என்று நிற்பார்கள். ஒரு வாரச் சீட்டுகளைப் பார்த்தாலே அடுத்து எந்தப் பாட்டு ஓடும் என்று தெரிந்துவிடும். வார்ப் பிறந்ததும் இப்படி ஒரு கடையில்தான். ஸ்டீவ் பெக்கெட்டும் ராப் மிட்செலும் இசைத்தட்டுக் கடைக்காரர்கள். மூன்றாமவர் ராபர்ட் கார்டன், ஒலிப்பதிவில் கைதேர்ந்தவர்.

எண்பதுகளில் ஷெஃபீல்டின் எஃகு ஆலைகள் வரிசையாக மூடி, ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்திருந்தார்கள். வேலையில்லாதவர்கள் சொந்தத் தொழில் தொடங்க அரசு கொடுத்த உதவித்தொகையில்தான் வார்ப்காரர்கள் முதல் தட்டை அடித்தார்கள். மொத்தம் 500 பிரதிகள். இரவல் காரில் ஏற்றிப்போய்க் கடை கடையாகக் கொடுத்தார்கள். அதை வாசித்த குழுவின் பெயர் ஃபோர்ஜ்மாஸ்டர்ஸ். அது அந்த ஊர் எஃகு நிறுவனம் ஒன்றின் பெயர். அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

வார்ப் போட்டது எலக்ட்ரானிக் கருவிகளில் செய்த ஆட்ட இசை. அந்த இசையின் உயிர் அடிநாதத்தில் இருக்கிறது. மேலே கூர்மையாக ஒரு 'பீப்', கீழே வயிற்றில் வந்து மோதும் பேஸ். எங்கள் கடையில் பெரிய ஸ்பீக்கர் இறக்கிய அன்று, மேஜையில் இருந்த டீயில் வட்டம் வட்டமாக அலை எழுந்ததைப் பார்த்து நின்றேன். அப்படிப்பட்ட பேஸைத் தட்டில் அடைப்பது லேசு இல்லை. பேஸ் கனக்கக் கனக்க, ஊசி ஓடும் பள்ளம் அகலமாக ஆடும், இடத்தைத் தின்னும். அதனால்தான் 12 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு பாட்டோடு நிறுத்திக்கொள்வார்கள்.

1990-இல் எல்எஃப்ஓ என்ற இரண்டு பேர் குழுவின் தட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 12-ஆம் இடம் வரை போனது. அப்புறம் 1992-இல் வார்ப் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. ஆடுவதற்கென்று இருந்த இசையை, வீட்டில் உட்கார்ந்து கேட்கும் தொகுப்பாக வெளியிட்டது. உறையில் ஓர் இயந்திர மனிதன் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறான். அவனைச் சுற்றித் தரையில் இசைத்தட்டு உறைகள். ராத்திரி கடை சாத்திய பிறகு நாங்களும் அப்படித்தான் கிடந்து கேட்போம்.

கார்டன் சீக்கிரமே விலகினார். 2000 வாக்கில் நிறுவனம் லண்டனுக்குக் குடிபோனது. 2001-இல் மிட்செல் புற்றுநோயால் காலமானார்.

சரி, இப்போது எல்எஃப்ஓவின் அந்தத் தட்டிலிருந்து கொஞ்சம் கேட்போம். சின்ன ரேடியோவில் அடிநாதம் முழுசாக வராது. வீட்டில் ஆம்ப்ளிஃபயர் இருப்பவர்கள் அதில் இணைத்து, பேஸ் குமிழைக் கொஞ்சம் திருகி வையுங்கள்.