எல்லைக் கோட்டைத் தாண்டி வந்த ரம்மி

(கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில், வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியை நிறுத்தினார்கள், அன்றிலிருந்து பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வந்து சீட்டு வாங்கிப் போவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். லாட்டரிக்காவது பஸ் ஏற வேண்டும். போனில் காசு கட்டி ஆடும் ரம்மி படுத்த பாய்க்கே வந்துவிட்டது.

கேரள அரசு 2021 பிப்ரவரியில் ஆன்லைன் ரம்மியைத் தடை செய்தது, செப்டம்பரில் ஹைகோர்ட் அதை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் 2022-ல் தனிச் சட்டம், அப்புறம் 2025-ல் ராத்திரி 12 முதல் காலை 5 வரை காசு கட்டி ஆடக்கூடாது என்று விதி. நல்ல விதி. ஏனென்றால் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பால் சொசைட்டிக் காசு மொத்தமும் போனது ராத்திரி ரெண்டு மணிக்கு. விடிந்து புண்ணாக்கு மூட்டைக்குக் காசு அனுப்பக் கடையில் நின்றபோதுதான் அக்கவுண்டில் 40 ரூபாய் மிச்சம் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்தால் மகன் தொழுவத்தில் கன்றுக்குட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், போனை இன்னும் கீழே வைக்கவில்லை. விதி அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம்.

சரி, 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டில் நிறைவேறிய சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். ஆன்லைனில் காசு ஆட்டம் நடத்தினால் 3 வருஷம் வரை ஜெயில், 1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 வருஷம், 50 லட்சம். பணம் போகும் வழியைத் திறந்துவிடும் பேங்கும் தப்ப முடியாது. ஆடி ஏமாந்தவருக்கு மட்டும் அதில் தண்டனை கிடையாது, இதைத்தான் நான் வீடு வீடாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் போலீஸ் பிடிக்கும் என்று பயந்து பிள்ளைகள் மறைக்கிறார்கள், மறைக்க மறைக்க லோன் ஆப்பில் கடன் ஏறுகிறது, கடைசியில் வீட்டுக்குத் தெரியும்போது அம்மாவின் வளையலும் இருப்பதில்லை.

பெரிய ஆப்கள் காசு ஆட்டத்தை நிறுத்திவிட்டன. ஆனால் டெலிகிராமில் குரூப் நடத்துகிறவன் நிறுத்தவில்லை. அவனுக்கு வேண்டியது உங்கள் பேரில் ஒரு அக்கவுண்ட். "பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூணும் கொடு, மாசம் கமிஷன் தர்றேன்" என்பான். கொடுக்காதீர்கள் தம்பிகளே, சைபர் போலீஸ் வரும்போது அக்கவுண்டில் இருப்பது உங்கள் பேர்தான். பணம் ஏமாந்திருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்த முடியும்.

கூட்டம் முடிந்ததும் நான் பின்பக்கப் பெஞ்சில்தான் இருப்பேன். பேச வேண்டியவர்கள் வாருங்கள், போனையும் எடுத்துக்கொண்டு.