இரண்டு வாரத்துக்கு வேலை ஓடாது

நேயர்களுக்கு வணக்கம்.

பேஸ்பால் பற்றிப் பேசுகிறேன் என்றதும் நிலையத்து நண்பர் கொஞ்சம் தயங்கினார். “நம்ம ஊரில் யார் சார் அதைப் பார்க்கிறார்கள்?” என்றார். பார்த்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் எறிகிறார், ஒருவர் மட்டையால் அடிக்கிறார். அடித்தவர் பேஸ் எனப்படும் நான்கு முனைகளையும் சுற்றி வந்துவிட்டால் ஓர் ஓட்டம். மூன்று பேர் அவுட் ஆனால் அடுத்த அணியின் முறை. இப்படி ஆளுக்கு ஒன்பது முறை ஆடுவார்கள். ஒன்பதும் முடிந்து சமமாக நின்றால், ஒருவர் முந்தும்வரை ஆட்டம் நீளும். இந்தக் கடைசிச் சங்கதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு என் புலம்பல் எல்லாம் அதைப் பற்றித்தான்.

நான் சொல்லப்போவது அமெரிக்க ஆட்டத்தை இல்லை. ஜப்பானில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் பள்ளிக்கூடப் பையன்கள் ஆடும் கோஷியென் போட்டி. ஒசாகாவுக்கும் கோபேக்கும் நடுவே நிஷினோமியா என்று ஓர் ஊர். அங்கே 1924 ஆகஸ்டில் திறந்த மைதானத்தின் பெயர்தான் கோஷியென். போட்டி அதைவிட மூத்தது, 1915இல் தொடங்கியது. நாடெங்கும் 3,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் வட்டாரப் போட்டிகளில் மோதி, மாகாணத்துக்கு ஒன்று, தோக்கியோவுக்கும் ஹொக்கைதோவுக்கும் மட்டும் இரண்டு என்று 49 பள்ளிகள் கோஷியெனுக்கு வரும். வட்டாரத்திலும் சரி, கோஷியெனிலும் சரி, ஒரு தடவை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மறுவாய்ப்பு, புள்ளிப் பட்டியல், ரன் ரேட் கணக்கு எதுவும் கிடையாது. யோசித்துப் பாருங்கள், 3,000க்கு மேற்பட்ட பள்ளிகளில் அந்தக் கோடையைத் தோல்வியில்லாமல் முடிப்பது ஒரே ஒரு பள்ளி.

கோபேயில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் வேலை பார்த்த காலத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தது. பிடித்துவைத்தவர் எங்கள் மேற்பார்வையாளர். வருடம் முழுக்க வாய் திறக்காத மனிதர், ஆகஸ்ட் வந்தால் சட்டைப்பையில் சின்ன வானொலிப் பெட்டி, ஒரு காதில் கம்பி. தொடக்கச் சுற்றுகளில் ஒரே நாளில் நான்கு ஆட்டம் நடக்கும். காலை எட்டு, எட்டரைக்கு ஆரம்பித்தால் கடைசி ஆட்டம் முடிய விளக்குப் போட வேண்டியிருக்கும். அத்தனை ஆட்டத்தையும் அந்நாட்டுப் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் வானொலி முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை ஒலிபரப்பும். மனிதர் அத்தனையையும் கேட்பார். இரண்டு வாரத்துக்கு வேலை ஓடாது. கை இயந்திரத்தில் இருக்கும், காது கோஷியெனில் இருக்கும்.

அவர் தொத்தோரிக்காரர். மிகச் சிறிய மாகாணம் அது. அவர்கள் பள்ளி பெரும்பாலும் முதல் சுற்றிலேயே திரும்பிவிடும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். “அப்புறம் யாருக்காகக் கேட்கிறீர்கள்?” என்று கேட்டேன். “எங்களை ஜெயித்தவர்களுக்காக” என்றார். அவர்களும் தோற்றால் அவர்களை ஜெயித்தவர்கள். இப்படிக் கை மாறி மாறி, கடைசி நாளில் மனிதர் எப்படியும் ஏதாவது ஒரு பக்கம் இருப்பார். அங்கே நிறையப் பேர் இந்த மாதிரிதான். இரண்டு பேர் வீம்பாக மோதும் நம் கிரிக்கெட் வாக்குவாதங்களில் வளர்ந்த எனக்கு இது முதலில் புரியவே இல்லை. நாலைந்து நாளில் நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வானொலியில் இதைக் கேட்பதில் ஒரு சுகம் உண்டு, அதைச் சொல்லாமல் போக முடியாது. ஆட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் மைதானத்தில் சங்கு ஒலிக்கும். பழைய பஞ்சாலைச் சங்கு கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் சட்டென்று பிடிபடும், அதே நீளம், அதே இழுவை. அந்தச் சத்தத்துக்குள்ளேயே முதல் பந்து போய்விடும். பிறகு இரண்டு பக்கமும் பள்ளி வாத்தியக் குழுக்கள். அடிக்க வரும் பையன் மாறும்போதெல்லாம் பாட்டு மாறும். 1974இலிருந்து பள்ளி ஆட்டத்தில் உலோக மட்டை. அது பந்தில் படும் ‘டங்’கென்ற சத்தத்தை வைத்தே, வர்ணனையாளர் வாய் திறப்பதற்கு முன்னால், பந்து தூரம் போனதா, சும்மா மேலே எழும்பியதா என்று மேற்பார்வையாளர் சொல்லிவிடுவார். 2024இல் பந்து அதிகம் எகிறாத புது மட்டைக்கு மாற்றினார்கள். சத்தமும் கொஞ்சம் அமுங்கிப்போனது. பாதுகாப்புக்காகத்தான், சரிதான், ஆனால் அவர் காதுக்கு அது பிடித்திருக்காது.

ஜப்பானில் ஒரு விளையாட்டை முதன்முதலில் நேரடியாக வானொலியில் சொன்னதே இந்தப் போட்டியைத்தான், 1927 ஆகஸ்டில். அந்தக் காலத்தில் எதை ஒலிபரப்பினாலும் எழுதிக் கொடுத்து முன்னாலேயே அனுமதி வாங்க வேண்டும். நடக்காத ஆட்டத்தை எப்படி எழுதிக் கொடுப்பது? அதனால் அரசு அதிகாரி ஒருவர் வர்ணனையாளர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார், வேண்டாத பேச்சு வந்தால் இணைப்பைத் துண்டிக்க. இங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நண்பர் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் அவ்வளவு கடுமை இல்லை என்று நம்புகிறேன்.

விடுமுறை நாளில் மைதானத்துக்கே போவோம். வெளிவட்டத்துப் பலகைகளில் அப்போது இலவசம், 2018இலிருந்துதான் அங்கும் கட்டணம். சிலர் விடிவதற்கு முன்பே வாசலில் வந்து படுத்திருப்பார்கள், தினம் அதே இருக்கை வேண்டுமென்று. எங்களுக்கு அவ்வளவு வைராக்கியம் இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கே உடைத்த பனிக்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு உறிஞ்சு குழாயோடு விற்பார்கள், ‘கச்சிவரி’ என்று. சர்க்கரை, சாயம் ஒன்றும் கிடையாது, வெறும் பனிக்கட்டி. முதலில் பையைப் பிடரியில் வைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் உருகியதும் தலையில். பாதிக்கு மேல் உருகிய பிறகுதான் குடிப்பது. இந்த வரிசை தெரியாமல் வாங்கியதும் உறிஞ்சுகிறவனைப் பார்த்தால் வெளியூர் என்று தெரிந்துவிடும்.

இனி 1998க்கு வருகிறேன். ஆகஸ்ட் 20, 21, 22, மூன்றே நாள். கோஷியெனைப் பற்றி யார் கேட்டாலும் நான் இந்த மூன்று நாளைத்தான் சொல்வேன், இன்றும் சொல்லத்தான் போகிறேன்.

யோகோஹாமா உயர்நிலைப் பள்ளியில் மட்சுசாகா தைசுகே என்று ஒரு பையன், பந்து எறிபவன். கோஷியெனில் வசந்தகாலத்திலும் ஒரு போட்டி உண்டு, அந்த ஆண்டு அதிலும் அவர்கள்தான் ஜெயித்திருந்தார்கள். காலிறுதியில் எதிரே ஒசாகாவின் பி.எல். காகுயென், பெரிய கை. வியாழக்கிழமை காலை எட்டரைக்கு ஆட்டம். இரண்டாவது முறையிலேயே பி.எல். மூன்று ஓட்டம் எடுத்துவிட்டது. மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர் கேட்சர், யோகோஹாமாவின் கேட்சர் உட்காரும் விதத்தை வைத்தே வருவது வேகப் பந்தா வளையும் பந்தா என்று பி.எல். கண்டுபிடித்து, மூன்றாம் பேஸ் அருகே நின்றவர் குரல் கொடுத்து மட்டையாளருக்குச் சொன்னார் என்று பிற்பாடு நிறையப் பேசினார்கள். இவர்கள் துரத்திப் பிடித்தார்கள். அவர்கள் மறுபடி முந்தினார்கள். ஒன்பது முறை முடிந்தபோது ஐந்துக்கு ஐந்து.

பதினொன்றாவதில் யோகோஹாமா ஒன்று எடுத்தது, பி.எல். திருப்பிக் கொடுத்தது. பதினாறாவதில் யோகோஹாமா ஒன்று எடுத்தது, பி.எல். அதையும் திருப்பிக் கொடுத்தது. ஏழுக்கு ஏழு. அன்றைய விதிப்படி 18 முறை வரைதான், அதற்கும் சமம் என்றால் மறுநாள் புதிதாக ஆட வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் ஒருவருக்கொருவர் பேச்சே இல்லை. யாரோ மேற்பார்வையாளரின் பெட்டியிலிருந்து காதுக் கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள், சத்தம் கூடம் முழுக்க. பதினேழாவதில் யோகோஹாமாவில் இரண்டு பேர் அவுட். மூன்றாமவனும் அவுட் ஆகியிருக்க வேண்டியது, பி.எல். பையன் ஒருவன் பந்தைத் தவறாக எறிந்துவிட்டான். அடுத்து வந்த தொக்கிவா என்ற பையன் அடித்தது வேலியைத் தாண்டிப் போனது. ஒன்பதுக்கு ஏழு. அதற்கு மேல் பி.எல். எடுக்கவில்லை. முடிந்தபோது எங்களுக்கு மதியச் சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருந்தது, ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

மட்சுசாகா அன்று எறிந்த பந்துகள் 250. நம் கணக்கில் சொன்னால் ஒரே காலையில், ஒரே ஆள், 41 ஓவருக்கு மேல், எதிர்முனையில் இன்னொருவர் வந்து வீசாமல். வயது 17.

தோற்ற பக்கத்தில் பின்பாதி முழுக்க எறிந்தவன் உயேஷிகே என்ற பையன். பிற்காலத்தில் அவர் தொலைக்காட்சியில் அறிவிப்பாளர் ஆனார். நம்ம தொழில்!

மறுநாள் அரையிறுதி. மட்சுசாகா எறியவில்லை, கையில் ஒட்டுப்பட்டை சுற்றிக்கொண்டு இடது கோடியில் நின்றான். எதிரணி மெய்தோகு கிஜுகு. எட்டாவது முறை பாதியில் மெய்தோகு ஆறுக்குப் பூஜ்யம் என்று முன்னால். சரி, இவ்வளவுதான் என்று நாங்கள் வேலையைப் பார்த்தோம். யோகோஹாமா நான்கு எடுத்தது. உடனே அந்தப் பையன் ஒட்டுப்பட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, எறிபவன் நிற்கும் மேட்டில் ஏறினான். வர்ணனையாளர் குரலை விழுங்கியது மைதானத்துச் சத்தம். ஒன்பதாவதில் மெய்தோகுவை ஒன்றும் எடுக்கவிடவில்லை. யோகோஹாமா மூன்று எடுத்தது. ஏழுக்கு ஆறு.

மூன்றாம் நாள் இறுதி ஆட்டம், கியோத்தோ செய்ஷோ பள்ளியோடு. இவன் ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை, அதாவது எதிரணியில் யாரும் பந்தை அடித்து பேஸுக்குப் பத்திரமாகப் போய்ச் சேரவில்லை. மூன்றுக்குப் பூஜ்யம். ஆகஸ்ட் இறுதி ஆட்டத்தில் அதற்கு முன் அப்படிச் செய்தவர் ஒரே ஒருவர், 1939இல் வகாயாமாவைச் சேர்ந்த ஷிமா செயிச்சி. அந்தப் பையன் 1945இல் போரில் இறந்துபோனான்.

இப்போது என் புலம்பல். 250 பந்து ஒரு பையனின் தோளுக்கு நியாயமா? நியாயமே இல்லை. 2006இல் சாயித்தோ யூக்கி என்ற பையன் ஒரு போட்டி முழுக்க எறிந்தது 948 பந்து. 2018இல் அகிதாவின் வேளாண் பள்ளி ஒன்றிலிருந்து வந்த யோஷிதா 881. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது வீரம், அந்தத் தோளுக்கு அப்படி இல்லை. அதனால் விதிகளை மாற்றிக்கொண்டே வந்தார்கள். 18 முறை என்ற எல்லை 2000இல் 15 ஆனது. 2020இல் வாரத்துக்கு 500 பந்துதான் என்றார்கள். இதெல்லாம் சரி, நான் கை தூக்குகிறேன்.

ஆனால் 2018இல் இன்னொன்று வந்தது. பதின்மூன்றாவது முறையிலிருந்து முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் ஆட்களை நிறுத்திவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவது, சீக்கிரம் முடியட்டும் என்று. 2023இலிருந்து பத்தாவது முறையிலேயே. இது எனக்கு ஒட்டவே இல்லை. ஓடிச் சம்பாதிக்காத பேஸில் ஒருவன் நிற்பதா? எறிகிற பையன் மேட்டுக்கு வருமுன்பே அவன் தலையில் இரண்டு பேர். தோளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் எறிபவனை மாற்றச் சொல்லுங்கள், இரண்டு பேரைக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஆட்டத்தை ஏன் குறுக்க வேண்டும்? மேற்பார்வையாளரோடு இதைத் தொலைபேசியில் பேசினேன். அவர் “எறிபவனைத் தவிர மற்ற எட்டு பேர் வெயிலில் நிற்கிறார்களே, அவர்கள்?” என்றார். அதுவும் உண்மை. ஆனாலும் எனக்கு ஒட்டவில்லை.

இந்த 18 என்ற எல்லையே 1958இல் ஒரு பையனுக்காக வந்தது. தொகுஷிமா பள்ளியின் பாந்தோ எய்ஜி. அந்த வசந்தத்தில் வட்டாரப் போட்டியில் ஒரு நாள் 16 முறை, மறுநாள் 25 முறை எறிந்துவிட்டான். பயந்துபோய் விதி போட்டார்கள். ஆகஸ்டில் அந்த விதியில் முதலில் மாட்டிக்கொண்டவனும் அவனே. உவோசு பள்ளியோடு 18 முறை, பூஜ்யத்துக்குப் பூஜ்யம், மறுநாள் மறுபடி ஆடி ஜெயித்தான்.

கண்ணாடிக்குப் பின்னால் கை தெரிகிறது. ஒகினாவா பற்றித்தான் விரிவாகச் சொல்ல வந்தேன், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது.

அதே 1958இல்தான் ஒகினாவாவிலிருந்து முதன்முதலில் ஒரு பள்ளி கோஷியெனுக்கு வந்தது, ஷுரி உயர்நிலைப் பள்ளி. ஒகினாவா அப்போது அமெரிக்க ஆட்சியில். முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். தோற்ற பையன்கள் மைதானத்தின் கறுப்பு மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு போவது அங்கே வழக்கம். இவர்களும் அள்ளினார்கள். நாஹா துறைமுகத்தில் இறங்கினால், சட்டப்படி அது வெளிநாட்டு மண், பயிர்நோய்த் தடைக்காக உள்ளே விட மாட்டோம் என்று கொட்டிவிட்டார்கள். செய்தி படித்த விமானப் பணிப்பெண் ஒருவர் கோஷியென் பக்கத்திலிருந்து கூழாங்கற்களைச் சேகரித்து அனுப்பிவைத்தார். கல் மண் இல்லையே, தடை இல்லை. ஷுரி பள்ளி வளாகத்தில் இன்றும் அந்தக் கற்கள் பதித்த நினைவுச் சின்னம் இருக்கிறது. ஒகினாவா 1972இல் ஜப்பானிடம் திரும்பியது. 2010இல் கோனான் பள்ளி ஆகஸ்ட் கோப்பையை வாங்கியது, 2025இல் ஒகினாவா ஷோகாகு. அந்த இறுதி ஆட்டம் மூன்றுக்கு ஒன்று, ஒன்பதே முறையில் முடிந்தது, பேஸில் யாரையும் இலவசமாக நிறுத்தாமல்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.