தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள்

வணக்கம். பாம்பைப் பற்றிப் பேச வரமுடியுமா என்று வானொலி நிலையத்தில் இருந்து கேட்டபோது, நாகதோஷம் பற்றி ஏதாவது கேட்டு மாட்டிவிடப் போகிறார்களோ என்று கொஞ்சம் தயங்கினேன். பாம்பு கடிப்பதைப் பற்றி இல்லை, பாம்பைக் கடிக்கிற உண்ணியைப் பற்றி என்றதும் ஓம் என்றுவிட்டேன். அதில் நான் பட்ட பாடு கொஞ்சமா!

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் எட்டு வருடமாக ஒரு பால் பைதான் இருக்கிறது. மேற்கு ஆபிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து மாதிரிச் சுருண்டுகொள்ளும். பேரில் இருக்கிற 'பால்' அந்தப் பந்துதான். இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த ஒரு மாதம் எடுத்தது. "பால் வைச்சனியே?" என்று தினமும் கேட்பார். நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்து வளர்ந்தவர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மகள் அதற்குப் பட்டு என்று பேர் வைத்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஊர்வனக் கண்காட்சிக்குப் போனேன். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கோர்ன் ஸ்னேக் குட்டி. விற்றவர் "சுத்தமான குட்டி" என்றார். நானும் நம்பிக் கொண்டுவந்து, பட்டுவின் பெட்டிக்கு மேல் தட்டில் வைத்தேன். அதுதான் என் பிழை. மூன்று கிழமை போயிருக்கும். தண்ணீர் மாற்றப் போன அம்மா கீழே இருந்து கூப்பிட்டார்: "தம்பி, பாம்பின்ர தண்ணிக்குள்ள ஆர் மிளகுத்தூள் கொட்டினது?"

போய்ப் பார்த்தால், கிண்ணத்தின் அடியில் கறுப்புக் கறுப்பாகப் பொட்டுகள். பட்டு அதற்குள் சுருண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. பெட்டிச் சுவரில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு பொட்டை வெள்ளை பேப்பர் டவலில் வைத்து நகத்தால் நசுக்கினேன். சிவப்பாக ஒரு கீறு விழுந்தது. பட்டுவின் இரத்தம்.

அம்மா அதைப் பேன் என்றார். பேன் இல்லை, பேனுக்கு ஆறு கால். இது வளர்ந்தபின் எட்டுக் காலோடு திரிகிற, சிலந்திக்கு உறவான சிற்றுண்ணி. நாயில் பார்க்கிற உண்ணியின் மிகச் சிறிய ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாம்பு வளர்ப்பவர்கள் 'மைட்' என்பார்கள். ஒஃபியோநிசஸ் நேட்ரிசிஸ் என்ற அறிவியல் பெயரின் பிற்பாதியை 1844இல் வைத்தவர் பிரான்ஸ் நாட்டு ஜெர்வே. இரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணியே ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பசியோடு இருக்கிற குஞ்சு கண்ணுக்கே படாது.

இதன் வாழ்க்கையில் ஐந்து கட்டம். முட்டை, லார்வா, அப்புறம் இரண்டு இளம்பருவம், கடைசியில் முழு வளர்ச்சி. இதில் முதல் இளம்பருவமும் வளர்ந்த உண்ணியும் மட்டும்தான் இரத்தம் குடிக்கும். மற்றவை பாம்பை நாடுவதே இல்லை. பெட்டியின் மூலையில், மரப்பட்டையின் வெடிப்பில், மூடியின் விளிம்பில் இருட்டாகவும் ஈரமாகவும் இருக்கிற இடத்தில் கிடக்கும். குடித்து முடித்த பெண்ணும் பாம்பை விட்டு இறங்கி அங்கேதான் முட்டை இடும். ஆயுளில் 60 முதல் 80 முட்டை. ஆண் கிடைக்காவிட்டாலும் இடும். அந்த முட்டையெல்லாம் ஆணாகப் பொரிக்கும். பாம்புக்கு இதமான 25 முதல் 30 பாகை செல்சியஸ் சூட்டில் முட்டையில் இருந்து வளர்ந்த உண்ணியாவதற்கு இரண்டு கிழமை போதும், கூடிப்போனால் 19 நாள். வெளியே பனி கொட்டுகிற ஜனவரியில், ஹீற்றர் போட்டு, ஈரப்பதமும் பார்த்து நாம் கட்டிக் கொடுக்கிற பெட்டி பாம்பைவிட உண்ணிக்குத்தான் சொர்க்கம்.

ஆகவே பாம்பின் மேல் பத்து உண்ணியைக் கண்டால், மிச்சப் பட்டாளம் பெட்டிக்குள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பை மட்டும் கழுவிவிட்டு அதே பெட்டிக்குள் திரும்ப விடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுகிற வேலை. முதல் தடவை நான் செய்தது அதைத்தான்.

சரி, எங்கே தேடுவது? கண்ணில் தொடங்குங்கள். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணாடி போல ஒரு செதில்தான் கண்ணை மூடியிருக்கும். அந்தச் செதிலின் ஓரத்துப் பள்ளத்தில் இது முகத்தைப் புதைத்துக்கொண்டு இருக்கும். கண்ணைச் சுற்றி வீங்கின மாதிரித் தெரியும். அடுத்தது தாடைக்குக் கீழே நடுவில் ஓடுகிற மடிப்பு. பைதானுக்கு உதட்டில் சூட்டை உணர்கிற குழிகள் உண்டு, அதற்குள்ளும் பாருங்கள். பிறகு வாலடியில் கழிவு போகிற இடம். செதில் ஒன்று லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றால் அதன் கீழே ஆள் இருக்கலாம். உடம்பில் சாம்பல் தூவினது போல வெள்ளைத் துகள் தெரிந்தால் அது உண்ணியின் எச்சம்.

பாம்பு தண்ணீருக்குள் கிடந்தாலே உண்ணி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சூடு கூடினாலும் கிடக்கும், சட்டை கழற்றுவதற்கு முன்னும் கிடக்கும். நாள்கணக்கில் எழும்பாமல் கிடந்தால்தான் கிண்ணத்தின் அடியைப் பார்க்க வேண்டும். உடம்பைத் தேய்த்துக்கொண்டு திரிவது, சட்டை துண்டு துண்டாகக் கழல்வது, சாப்பாட்டை மறுப்பது எல்லாம் சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள். கழற்றிய சட்டையையும் எறியமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கண் செதில் இருந்த இடத்தில் கறுப்புப் புள்ளி ஒட்டியிருக்கும். நான் இப்போது கிழமைக்கு ஒருதரம், ஈரமான வெள்ளை பேப்பர் டவலைக் கையில் பிடித்து, பாம்பை அதனூடாக மெல்ல ஊரவிடுகிறேன். வேறு கருவி வேண்டாம்.

சொறிச்சலோடு போகிற விஷயம் என்று நினைக்காதீர்கள். குட்டிப் பாம்புக்கு இரத்தச் சோகை வந்து செத்தும் போகும். ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாவை இந்த உண்ணி ஒரு பாம்பில் இருந்து இன்னொன்றுக்குக் காவும் என்பதை அமெரிக்காவில் கேமின் என்ற ஆய்வாளர் 1948லேயே காட்டியிருக்கிறார். ஆளையும் சிலவேளை கடிக்கும். என் முழங்கையில் சிவந்து தடித்த பொட்டுகளை அந்த மாதம் நான் நுளம்பு என்றே நினைத்தேன். பெப்ரவரியில் ஏது நுளம்பு!

மருந்து விஷயத்துக்கு வருவோம். அம்மாவின் வைத்தியம் நொச்சி இலை. ஊரில் அடைக்கோழிக் கூட்டுக்குள் பேன் வராமல் நொச்சி போடுவார்கள், அது நல்ல பழக்கம்தான். மூடிய பெட்டிக்குள் பாம்போடு வாசமான இலையையும் எண்ணெயையும் போட்டு நான் பரிசோதனை செய்ய மாட்டேன். நாய்க்கு வாங்கிய மருந்தை அளவு தெரியாமல் அடிப்பது அதைவிட மோசம். ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்றுவிடும். பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. வீட்டில் இரண்டும் இருந்தால் யோசித்துப் பாருங்கள். பாம்பு பார்க்கிற மிருக வைத்தியரிடம் போய், நிறையைச் சொல்லி, அவர் தருகிறதைப் போடுங்கள்.

நாம் செய்யக்கூடியது பெட்டி வேலை. மரப்பட்டை, மரத்துண்டு, பாசி எல்லாவற்றையும் பையில் போட்டு இறுக்கிக் கட்டி அன்றைக்கே குப்பைக்கு அனுப்பினேன். பெட்டியைக் கொதிநீரால் கழுவினேன். ஐம்பது பாகைக்கு மேல் இந்த உண்ணி தாங்காது. வெள்ளை பேப்பர் டவலை விரித்தேன், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டி, இரண்டு நாளுக்கொருதரம் இரண்டையும் மாற்றினேன். பட்டுவை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்தபடியே ஊறவிட்டேன். உடம்பில் இருக்கிறவை மூழ்கிச் சாகும், தலைக்கு ஏறினவை தப்பிவிடும். முட்டையை மருந்து அனேகமாகத் தொடாது, ஆகையால் உண்ணியைக் காணவில்லை என்ற நாளில் நிறுத்தக்கூடாது. நான் ஆறு கிழமை இழுத்தேன்.

இவ்வளவு வேலையும் ஒரு தட்டு இடைவெளியில் வந்தது. புதுப்பாம்பை வேறு அறையில், குறைந்தது இரண்டு மாதம், பேப்பர் டவலில் மட்டும் வைத்திருக்க வேண்டும். மூன்று மாதம் என்றால் இன்னும் நல்லது. முதலில் பழைய பாம்பைக் கவனித்துவிட்டுப் பிறகு புதியதிடம் போங்கள், மாறிப் போகாதீர்கள். உண்ணி கையிலும் உடுப்பு மடிப்பிலும் ஏறி வரும். கண்காட்சியில் பத்துப் பாம்பைத் தடவிவிட்டு வந்தால் குளித்து, உடுப்பு மாற்றிய பிறகு உங்கள் பாம்பைத் தொடுங்கள்.

இடையில் ஒரு சொல். வளர்ந்தால் மூன்று மீட்டரைத் தாண்டும் பாம்பையோ விஷப்பாம்பையோ ரொறன்ரோவில் வீட்டில் வைத்திருக்க முடியாது. இந்தியாவில் அந்த நாட்டுப் பாம்புகளை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அங்கே இருக்கிற மச்சானுக்கு ஆசை காட்டாதீர்கள்.

இப்போது எங்கள் மேல்மாடிக் குளியலறையில் மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. இன்றைக்கு நாற்பத்தோராவது நாள். அம்மா கலண்டரில் வட்டம் போட்டு எண்ணுகிறார். காலையில் தேத்தண்ணிக்கு முன் டார்ச்சோடு போய்க் கிண்ணத்தின் அடியைப் பார்த்துவிட்டு வந்து, "இண்டைக்கும் மிளகு இல்லை" என்பார். அப்புறம்தான் கேத்தில் அடுப்பில் ஏறும்.