ஆறிய காயம் ஏன் நோகிறது?

(வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். காலி வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்த பிள்ளை, மாதங்கள் கழித்தும் "சட்டை பட்டாலே கை எரியுது" என்கிறான். "எல்லாம் ஆறிட்டுதே, இன்னும் என்ன நோ?" என்று வீட்டில் அதட்டுகிறோம். அவன் நடிக்கவில்லை. அவனுடைய நரம்புக் கலங்கள் மாறிவிட்டன.

நோவை அறியும் நரம்புகளின் நுனியில் டிஆர்பிவி1 என்றொரு வாங்கி, அதாவது தூண்டலை உணர்ந்து திறக்கும் புரதம், உண்டு. கொச்சிக்காயின் உறைப்பும் ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடும் அதைத் திறக்கும். 1997இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் ஆய்வுகூடம் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது; 2021இல் அவருக்கும், தொடுகையை உணரும் வாங்கிகளைக் கண்ட ஆர்டெம் படபூட்டியனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அடிபட்ட இடத்தில் ஊறும் பிராடிகைனின், புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருட்கள் இந்த வாங்கியை உசுப்பிவிடும். பிறகு அதைத் திறக்க உடற்சூடே போதும். வெயிலில் கருகிய முதுகில் இளஞ்சூட்டுத் தண்ணீர் பட்டாலும் துள்ளுகிறோமே, அதுதான் இது. சில நாளில் அடங்கிவிடும்.

நரம்பே அறுந்தால் அப்படி அடங்காது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றிச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. ஆகையால் லண்டனில் மனித நரம்புகளிலேயே செய்த ஆய்வைச் சொல்கிறேன். விபத்தில் கைக்குப் போகும் நரம்புவேர்கள் முண்ணாணிலிருந்து பிய்ந்துவிடுவதுண்டு. சத்திரசிகிச்சையில் அகற்றிய நரம்புத் திரட்டுகளை, அதாவது நரம்புக் கலங்களின் உடல்கள் கூடியிருக்கும் முடிச்சுகளைப் பரிசோதித்தபோது, நோவுச் செய்தியைக் கடத்தும் நாவ்1.8 என்ற சோடியம் கால்வாய் (சோடியத்தை உள்ளே விடும் புரத வாசல்) கலத்தின் உடலில் முதலில் குறைந்திருந்தது. காயத்துக்குச் சற்று மேலே, சில நரம்பு இழைகளிலோ அது கூடியிருந்தது. கால்வாய்கள் அப்படிக் குவிந்த இடத்திலிருந்து, யாரும் தொடாமலே செய்தி கிளம்பலாம்.

டிஆர்பிவி1ஐ மருந்தால் அடைத்துவிட்டால் என்ன? அடைத்துப் பார்த்தார்கள். சிலருக்குக் காய்ச்சல் ஏறியது. சிலருக்குச் சுடுவதே சரியாகத் தெரியவில்லை. சுடுதண்ணீரில் கையை விட்டு அவிந்துபோகவா மருந்து? நாவ்1.8ஐத் தடுக்கும் சுசெட்ரிஜின் என்ற மருந்து 2025இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் திடீர் நோவுக்கு மட்டும்.

ஆகவே வைத்தியரிடம் "நோகுது" என்பதோடு நிறுத்தாதீர்கள். எரிகிறதா, மின்சாரம் அடிப்பதுபோல் வெட்டி இழுக்கிறதா, துணி பட்டாலே தாங்கவில்லையா என்று சொல்லுங்கள். நரம்பு நோவுக்குப் பனடோல் பெரும்பாலும் கைகொடுக்காது. அதற்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், பிரிகபாலின் போன்றவை வேறு வகை மருந்துகள். அவற்றை வைத்தியர்தான் பார்த்து எழுதித் தரவேண்டும்.