இருப்பாய்வு டேலி ஆன பிறகு

(இணையவழி பி.காம். வகுப்பெடுக்கும் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)

நண்பர்களே, வணக்கம்.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டியிருந்த ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். அதுவரை ஏடுகளில் பற்றும் வரவும் சமமாகத்தான் நின்றன. வங்கி இருப்பை உறுதிசெய்யும் கடிதங்களைத் தணிக்கையாளர்கள் தங்கள் கட்டுப்பாட்டில் வைக்காமல் நிறுவனத்தின் கையிலேயே விட்டிருந்தார்கள் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2011-ல் சொன்னது. அந்தத் தணிக்கையாளர்கள் விதி தெரியாதவர்களா? வங்கியிடம் நேரே கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படிக் கேட்கும் பழக்கத்தை நாம் எங்கே சொல்லித் தருகிறோம்? வீடியோ போடுகிறோம், கொள்குறி வினா வைக்கிறோம், மாணவர் டிக் அடித்துவிட்டுப் போகிறார். பேரேட்டில் எடுத்தெழுதுவதை மென்பொருள் நொடியில் முடித்துவிடும். சந்தேகப்படுவது, தீர்மானிப்பது, தெரிந்ததை அடுத்தவருக்குப் புரியவைப்பது ஆகியவை வங்கி வேலைக்கும் கூட வரும், சொந்தக் கடைக்கும் வரும், கணக்குத் துறையையே விட்டாலும் வரும். இதற்கென்று தனித்தாள் வேண்டாம் என்பது என் கட்சி. சாஃப்ட் ஸ்கில்ஸ் தாளில் ஐந்தொகை, அதாவது பேலன்ஸ் ஷீட், பற்றிப் பேச்சே எழாது. கணக்குப் பாடத்துக்குள்ளேயே இதை வைக்க வேண்டும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். மளிகைக் கடைக்காரர் ஒருவர் கேட்கிறார்: "லாபம் இரண்டு லட்சம்னு எழுதியிருக்கீங்க, கல்லாவுல காசே இல்லையே தம்பி?" மாணவர் அவருக்கு இரண்டு நிமிடக் குரல் பதிவில் பதில் சொல்ல வேண்டும். பற்று, வரவு என்ற சொற்கள் வரக்கூடாது. கடனுக்கு விற்றது எவ்வளவு, சரக்கில் முடங்கியது எவ்வளவு, வீட்டுச் செலவுக்கு எடுத்தது எவ்வளவு என்று மாணவர் பேசித்தான் ஆக வேண்டும். கேமரா முன்னால் வாயே திறக்காத பிள்ளைகள் இதில் அழகாகப் பேசுகிறார்கள். நெட்வொர்க் கிடைக்கும் நேரத்தில் பதிவேற்றினால் போதும் என்பதால் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் சிரமமில்லை.

அப்புறம், இருவர் இருவராகச் சேர்க்கலாம். ஒருவர் தயாரித்த கணக்கைப் பார்த்து மற்றவர் மூன்று கேள்விகள் எழுத வேண்டும். செலவைச் சொத்தாக எழுதுவது போன்ற விதிப்பிழை, ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் ஈடுசெய் பிழை, பதிவே செய்யாமல் விட்ட முழு விடு பிழை எதுவும், பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வில் தெரியாது. வசூலாகுமா என்று சந்தேகமுள்ள ஐயக்கடனுக்கு ஏன் இந்த சதவீதம், தேய்மானத்துக்கு ஏன் இந்த முறை என்று சக மாணவர் கேட்டு, இவர் காரணம் எழுதும்போதுதான் தன் எண்ணுக்குத் தானே பொறுப்பு என்பது உறைக்கும்.

திருத்த நேரம் எங்கே என்பீர்கள். நியாயம்தான். அறுபது பேர் என்றால் கேட்டு முடிக்கவே இரண்டு மணி நேரம். அதனால் பருவத்துக்கு ஒரு பதிவு போதும்.

இணையவழிப் பட்டப்படிப்பில் அகமதிப்பீட்டுக்கு 30 சதவீதம் வரை வைக்க பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2020 விதிமுறை இடம் தருகிறது. அதில் 10 மதிப்பெண்ணையாவது குரல் பதிவுக்கும் கேள்விகளுக்கும் ஒதுக்கும்படி உங்கள் பாடத்திட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். பயிற்சித்தாள் வேண்டுமென்றால் நான் அனுப்பி வைக்கிறேன்.