ஆசிரியர் அல்லாதவர் என்றால், யார்?

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக விளிக்க ஆரம்பித்தால் அதற்குள் தேநீர் வந்துவிடும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பயிற்சிக்கு எனக்கு வந்த கடிதத்தில் 'ஆசிரியர் அல்லாத பணியாளர்களுக்கான திறன் மேம்பாட்டுப் பயிற்சி' என்று போட்டிருந்தது. 1989-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 33 வருடம் கழித்துத் துணைப் பதிவாளராக வெளியே வந்தவன் நான். அந்த 'அல்லாத' மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய தேங்காய் நார் மாதிரி இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நர்ஸை யாராவது 'டாக்டர் அல்லாதவர்' என்று சொல்வார்களா? ஸ்டேஷன் மாஸ்டரை 'ரயில் ஓட்டாதவர்' என்று சொல்வோமா? நம்மை மட்டும்தான் நாம் எது இல்லையோ அதை வைத்துக் கூப்பிடுகிறார்கள், நாமும் சங்கத்துக்குப் பெயர் வைக்கும்போது அதையே போட்டுக்கொள்கிறோம். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் எங்கே வேலை என்று கேட்பார். யூனிவர்சிட்டியில் என்போம். "ஓ, புரொபசரா?" என்பார். "இல்லைங்க, ஆபீஸில்" என்றதும் இன்னொரு "ஓ" வரும் பாருங்கள், முதல் 'ஓ'வுக்கும் இரண்டாவது 'ஓ'வுக்கும் நடுவில் ஒரு படி இறங்கியிருக்கும். சிரிக்கிறீர்கள், ஆக உங்களுக்கும் நடந்திருக்கிறது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே பல்கலைக்கழக நிர்வாகிகளுக்கென்று 1993 முதல் ஒரு சங்கம் இருந்தது, பெயரிலேயே 'நிர்வாகிகள்' உண்டு. 2023-ல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'உயர்கல்வித் தொழில்வல்லுநர்கள்' என்ற பொருளில் பெயரை மாற்றிக்கொண்டார்கள். பெயரை மாற்றினால் சம்பளம் கூடுமா என்று கேட்பீர்கள். கூடாது. ஆனால் 'எங்களுக்கென்று ஒரு வித்தை இருக்கிறது' என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தால், அப்புறம் அந்த வித்தை என்ன, அதை யார் சொல்லிக்கொடுப்பது, யாருக்கு அது கைவந்திருக்கிறது என்ற கேள்விகள் தானாக வரும். நம்மிடம் அந்தக் கேள்விகளே வருவதில்லை என்பதுதான் என் மனக்குறை.

என் கதையைச் சொன்னால் புரியும். சேர்ந்து மூன்று நான்கு வருடம் இருக்கும், தேர்வுப் பிரிவில் இருந்தேன். ஒரு அம்மா மனு கொடுத்திருந்தார். இளங்கலையில் ஒரே ஒரு தாள் அரியர், அந்தப் பாடத்திட்டமே மாறிவிட்டது, இப்போது எந்தத் தாளை எழுதுவது என்று கேட்டு. நான் குறிப்பு எழுதினேன். மனுதாரர் இன்னார், பதிவு எண் இது, தாள் இது, பழைய பாடத்திட்டம் நடைமுறையில் இல்லை, 'தக்க ஆணை வேண்டிப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது'. கையெழுத்து நன்றாக இருக்கும் எனக்கு, கோப்பு பார்க்க அழகாக இருந்தது. மேலே அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் கண்காணிப்பாளர் பச்சை மையில் எழுதியிருந்தார்: 'உங்கள் கருத்து என்ன? முன்நிகழ்வு பார்த்தீர்களா?' எனக்குக் கோபம்தான் வந்தது. கருத்துச் சொல்ல நான் யார், இளநிலை உதவியாளன், ஆணை போடுகிறவர்கள் மேலே இருக்கிறார்கள். ஆனால் கேட்டுவிட்டாரே என்று பதிவறைக்குள் போய்த் தூசியில் தும்மிக்கொண்டே தேடினால், இரண்டு வருடத்துக்கு முன்னால் கல்விக் குழுவே ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது, பழைய தாளுக்கு இணையாகப் புதிய பாடத்திட்டத்தில் எந்தத் தாளை எழுதலாம் என்று பட்டியலோடு. அந்த அம்மாவின் தாள் அந்தப் பட்டியலில் நான்காவது வரி.

நான் எழுதிய குறிப்பு அப்படியே மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரும்பாலும் 'விதியில் இடமில்லை' என்று ஒரு பதில் போயிருக்கும், நானே அதைத் தட்டச்சு செய்து தபாலில் சேர்த்திருப்பேன், யாரும் என்னைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. குறிப்பில் முதல் நான்கு பத்திகளை யார் வேண்டுமானாலும் எழுதலாம், கடைசிப் பத்தியில்தான் நம் தொழில் இருக்கிறது.

இப்படி ஒரு ஆள் எனக்கு வாய்த்தார், அது என் அதிர்ஷ்டம். ஏற்பாடு என்று ஒன்று இருந்ததா என்றால் இல்லை. அரசுத் துறையில் இளநிலை உதவியாளராகச் சேருகிறவர்களைப் பவானிசாகருக்கு அனுப்புகிறார்கள். அங்கே அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டு வருகிற பையனுக்குத் தன் மேஜைக்கு வருகிற கடிதங்களைக் குறித்துவைக்கிற தன்பதிவேடு என்றால் என்ன, கோப்பை எப்படிக் கட்டுவது என்றாவது தெரிந்திருக்கும். எனக்கு அப்படி எதுவும் இல்லை. சேர்ந்த அன்றைக்கு ஒரு நாற்காலி, ஒரு கட்டுக் காகிதம், "பக்கத்து சீட் சார்கிட்டே கேட்டுக்கோப்பா". பக்கத்து சீட் சார் லீவு.

ஆசிரியர்களுக்கு 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு நாடெங்கும் பல்கலைக்கழகங்களில் அகடமிக் ஸ்டாஃப் காலேஜ் வந்தது. புத்தறிவு, புத்தாக்கம் என்று வகுப்புகள், அதை முடித்தால்தான் பதவி உயர்வு. 2015-ல் அது மனிதவள மேம்பாட்டு மையம் ஆனது, 2023-ல் மாளவியா பெயரில் வந்துவிட்டது, பெயரிலேயே 'ஆசிரியர் பயிற்சி' என்று தெளிவாக இருக்கிறது. நமக்கும் அவ்வப்போது ஓரிரு வாரம் வகுப்பு வைப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. டெல்லியில் நீபா என்கிற தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனம் இருக்கிறது, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இருக்கிறது, இரண்டுமே நிர்வாகிகளுக்குப் பயிற்சி நடத்துகின்றன. ஆனால் நம் பிரிவில் மூன்றாவது மேஜையில் இருக்கிற பெண்ணுக்கு டெல்லிக்கு டிக்கெட் யார் போடுவார்கள், அதையும் சொல்லுங்கள்.

பதவி உயர்வையும் பார்த்துவிடுவோம். பதிவாளர் பதவிக்கு யூ.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, வகுத்திருக்கிற தகுதியைப் படித்துப் பாருங்கள். பேராசிரியர் பக்கமிருந்தும் வரலாம், 15 வருட நிர்வாக அனுபவம் இருந்து, அதில் 8 வருடம் துணைப் பதிவாளராகவோ அதற்கு இணையான பதவியிலோ இருந்தாலும் வரலாம். கேட்க நன்றாக இருக்கிறது. கீழேயிருந்து ஏறுகிற ஒருவர் துணைப் பதிவாளர் ஆகும்போது அவருக்கு எத்தனை வருட சர்வீஸ் மிச்சம் இருக்கிறது? எனக்கு இரண்டரை வருடம் இருந்தது. கதவு திறந்துதான் இருக்கிறது, நாம் போய்ச் சேர்வதற்குள் பென்ஷன் பேப்பர் வந்துவிடுகிறது. இதைச் சங்கம்தான் பேச வேண்டும், நான் இங்கே பேசி ஒன்றும் ஆகாது.

நான் பேச வந்தது நம் கையில் இருக்கிற ஒன்றைப் பற்றி. எங்கள் சான்றிதழ் பிரிவில் ஒருவர் இருந்தார். வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து உண்மைத்தன்மை கேட்டுக் கடிதம் வரும். பட்டத்தில் 'எஸ். முருகன்' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக வந்து குடும்பப்பெயர் ஆகியிருக்கும், கனடாக்காரனுக்கு இரண்டும் இரண்டு ஆள். இந்த மனிதர் பதிவு எண்ணை ஒரு தடவை பார்ப்பார், எந்த ஆண்டு, எந்தக் கல்லூரி, மதிப்பெண் பதிவேடு எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டு என்று சொல்லிவிடுவார். பெயர் வித்தியாசத்துக்கு என்ன வாசகம் போட்டு எழுதினால் அங்கே ஏற்றுக்கொள்வார்கள் என்பதும் அவருக்கு அத்துபடி. ஒரு மே மாதக் கடைசியில் சால்வை போட்டு, மாலை போட்டு, ஸ்வீட் காரம் கொடுத்து, ஆபீஸ் காரில் வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். அடுத்த திங்கட்கிழமை வந்த முதல் கடிதத்துக்குப் பதில் போட எங்களுக்குப் பதினொரு நாள் ஆனது. அவரிடம் ஒரு நீல நோட்டு இருந்தது, அதில் எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தார். அது அவரோடு வீட்டுக்குப் போய்விட்டது. தப்பு அவருடையது இல்லை, முப்பது வருடத்தில் அந்த நோட்டை யாரும் கேட்டதே இல்லை.

இப்போது சான்றிதழை இணையத்திலேயே வைத்துக்கொள்ள டிஜிலாக்கர் வந்துவிட்டது, மாணவர் எடுத்த கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கிற கிரெடிட் வங்கி வந்துவிட்டது, இனிமேல் எதற்கு நோட்டு என்று இளைஞர்கள் நினைக்கலாம். புதுப் பட்டங்களுக்குச் சரி. 1984-ல் எழுதிய பதிவேட்டில் மை மங்கிப்போன வரியை கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, அது 38-ஆ 58-ஆ என்று முடிவு பண்ணுகிற ஆள் யார்? அந்த ஆளுக்கு நாம் வைத்திருக்கிற பெயர் 'அல்லாத'.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு எடுத்துக்கொண்டது ஞாபகம் இருக்கும். மிகைப் பணியாளர் என்று கணக்கிட்டு ஆயிரக்கணக்கானவர்களைப் பிற அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பணிநிரவலில் அனுப்பினார்கள். அது சரியா தப்பா என்பது வேறு பேச்சு. நான் யோசிப்பதெல்லாம், நாளைக்கு என்னையோ உங்களையோ அப்படி ஒரு புது ஆபீஸில் உட்கார வைத்து "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வோம்? "இருபது வருடம் தேர்வுப் பிரிவு" என்போம். அது நாற்காலி இருந்த இடம். கேட்டவருக்கு வேண்டியது வேறு: எழுபதாயிரம் விடைத்தாள் மாறாமல் போய் மாறாமல் வருவதற்கு எனக்கு வழி தெரியும், தணிக்கைத் தடைக்கு நிற்கிற மாதிரி பதில் எழுதத் தெரியும், தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு முப்பது நாளுக்குள் எதைக் கொடுக்கலாம் எதைக் கொடுக்கக் கூடாது என்று தெரியும். இப்படிச் சொல்ல நமக்குக் கூச்சம். பெருமை பேசுவதாக நினைத்துக்கொள்கிறோம். தச்சர் எனக்கு இழைக்கத் தெரியும் என்று சொன்னால் அது பெருமையா என்ன?

சரி, மணி ஆகிவிட்டது, அமைப்பாளர் கையைக் கையைப் பார்க்கிறார். சாப்பாட்டுக்கு அப்புறம் நான் பேசப்போவதில்லை. அந்த அம்மாவின் கோப்பு மாதிரியே ஒன்று, பெயரும் எண்ணும் மாற்றி, நாற்பது நகல் எடுத்து வந்திருக்கிறேன். முதல் நான்கு பத்தி எழுதியிருக்கிறது, கீழே அரைப் பக்கம் காலி. கல்விக் குழுத் தீர்மானங்கள் அந்த மூலை மேஜையில் ஒரு கட்டாக இருக்கின்றன, அதில் எது இதற்குப் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை மைப் பேனா என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.